சிறுநீரகம் கெட்டால் முகம் ஏன் வெளுக்கிறது?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட்டின் பெயராலேயே சிறுநீரக நோய் நெடுங்காலம் அழைக்கப்பட்டது. நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் புரதம் திரிந்து வெண்மையாகப் படியும் என்று காட்டியவர் அவர். கால் வீங்குவதைக் குறித்தார். நோய் முற்ற முற்ற முகத்தின் நிறம் வெளுத்துக்கொண்டே போவதையும் 1830களில் பதிவு செய்தார். வீக்கத்துக்கும் புரதத்துக்கும் பின்னாலேயே விளக்கம் கிடைத்துவிட்டது. முகம் வெளுப்பதற்கு மட்டும் நூறாண்டுக்கும் மேலாக யாராலும் சரியான காரணம் சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியாததில் வியப்பில்லை. கழிவை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். ரத்த அணுக்கள் உருவாவதோ எலும்பு மஜ்ஜையில். ஒன்று கெட்டால் இன்னொன்று ஏன் படுக்க வேண்டும்? தேங்கிய யூரியா மஜ்ஜையை நஞ்சாகத் தாக்குகிறது என்றார்கள். பசியே இல்லாதவர் என்ன சாப்பிட்டு ரத்தம் ஊறும் என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதன்மைக் காரணம் வேறு. அதைக் கண்டுபிடித்த கதையும், கண்டுபிடித்த பிறகு நடந்த கோளாறும் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. இன்றும் ஹீமோகுளோபின் 9 என்று ரிப்போர்ட் வந்தால், அதை எப்படியாவது 14-க்கு ஏற்றிவிட வேண்டும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். சில காலம் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் மஜ்ஜை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொரு அணுவும் சுமார் 120 நாள் உயிரோடு இருந்து அழிகிறது. அழிவதற்குச் சரியாக உற்பத்தியும் நடக்கிறது என்றால் யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்றுதானே பொருள்? அதற்கு முதல் தடயம் மலையில் கிடைத்தது. பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா வியோ, பெரு நாட்டில் கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மொரோகோச்சா சுரங்க ஊருக்குப் போனார். போகும் முன் தன் ரத்தத்தில் சிவப்பணுக்களை எண்ணி வைத்திருந்தார். ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்த எண்ணிக்கை, மலையில் சில வாரங்களில் 70 லட்சத்தைத் தாண்டியது. 1890-ல் இதை வெளியிட்டார். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தம் தானாகப் பெருகுகிறது.

1906-ல் பாரிஸில் பால் கார்னோவும் குளோத்தில்து தெஃப்லாந்தரும், ரத்தம் எடுக்கப்பட்டுச் சோகையான முயலின் சீரத்தை நல்ல முயலுக்குச் செலுத்திச் சிவப்பணு பெருகியதாக எழுதினார்கள். ரத்தத்தில் ஏதோ ஒரு தூதுப் பொருள் ஓடுகிறது என்பது அவர்கள் முடிவு. மற்றவர்கள் செய்துபார்த்தபோது அது சரியாக வரவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கருத்து கிடப்பில் கிடந்தது. பெயர் மட்டும் முந்திக்கொண்டது: 1948-ல் பின்லாந்தின் போன்ஸ்டார்ஃபும் யாலவிஸ்தோவும் எரித்ரோபாய்ட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1950-ல் குர்ட் ரைஸ்மன் இரண்டு எலிகளை அறுவை செய்து உடலோடு உடலாக இணைத்து, ஒன்றை மட்டும் ஆக்சிஜன் குறைந்த காற்றை மூச்சுவிட வைத்தார். இரண்டு எலியின் மஜ்ஜையும் சுறுசுறுப்பானது. 1953-ல் ஆலன் எர்ஸ்லெவ், சோகை முயலின் பிளாஸ்மாவை மிக அதிக அளவில் ஏற்றி விளைவைத் தெளிவாகக் காட்டினார்.

தூதுப் பொருள் இருக்கிறது, சரி. எங்கிருந்து வருகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சனின் குழு எலிகளிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் பார்த்தது. எந்த உறுப்பை எடுத்தாலும் சோகைக்கு எலியின் உடல் பதில் சொன்னது. இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்தபோது மட்டும் பதில் நின்றுபோனது. 1957-ல் வெளியான அந்த முடிவோடு பிரைட்டின் கேள்விக்கு விடை வந்துவிட்டது. அந்தச் சோதனைகளில் எலியின் உடலை ஏமாற்ற அவர்கள் பயன்படுத்திய பொருள் கோபால்ட். கோபால்ட் உப்பு கொடுத்தால் ஆக்சிஜன் குறையாமலே சிவப்பணு பெருகும் என்பது அப்போதே தெரியும். ஏன் பெருகும் என்பது தெரியாது. அந்தக் காரணம் வெளிவர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஜேக்கப்சன் தன் சக ஆராய்ச்சியாளர் யூஜின் கோல்ட்வாசரிடம் 1955-லேயே அந்தத் தூதுப் பொருளைத் தனியே பிரித்துத் தரும்படி கேட்டிருந்தார். சில மாத வேலை என்று கோல்ட்வாசர் நினைத்தார். இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆடுகளைச் சோகையாக்கி, அவற்றின் ரத்தத்தைச் சேகரித்து, பிளாஸ்மாவை வடித்து வடித்து 1971-ல் ஆட்டின் எரித்ரோபாய்ட்டினைச் சுத்தமாக எடுத்தார்கள். கிடைத்ததோ மிகச் சொற்பம். மனிதருடையது வேண்டும் என்றால் எங்கே போவது?

உதவி ஜப்பானிலிருந்து வந்தது. குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் தகாஜி மியாகே, ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து வந்தார். இந்த நோயில் மஜ்ஜை வறண்டுவிடும். சிவப்பணு உருவாகாததால் உடலில் ஆக்சிஜன் தட்டுப்பாடு. ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. அது எரித்ரோபாய்ட்டினைக் கொட்டித் தீர்க்கிறது. கேட்க ஆளில்லாத அந்தத் தூது சிறுநீரில் வழிந்து போகிறது. மியாகே திரட்டியது 2,550 லிட்டர் சிறுநீர். அதை வற்றவைத்த உலர்ந்த பொருளைப் பட்டுத் துணியில் சுற்றிய பொட்டலமாக 1975 இறுதியில் சிகாகோவுக்கு எடுத்து வந்து கோல்ட்வாசரிடம் கொடுத்தார். அதிலிருந்து கிடைத்த சுத்தமான எரித்ரோபாய்ட்டின் சில மில்லிகிராம்தான். 1977-ல் முடிவு வெளியானது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 2,550 லிட்டரைத் தந்தவர்களின் மஜ்ஜை வேலை செய்யாததால் எரித்ரோபாய்ட்டின் அவர்களுக்குப் பயன்படாது. ரத்த நோய்க்காரர்களின் உடலிலிருந்து கழிவாகப் போனது சிறுநீரக நோய்க்காரர்களுக்கு மருந்தாயிற்று. பின்னாளில் பல்லாயிரம் கோடி டாலர் புரண்ட ஒரு மருந்தின் மூலதனம் அதுதான். சிகாகோ பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

எடுத்தது, 1980-ல் தொடங்கப்பட்ட ஆம்ஜென் என்ற சிறிய நிறுவனம். தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின் அங்கே எரித்ரோபாய்ட்டின் மரபணுவைத் தேடினார். கோல்ட்வாசர் பிரித்த புரதத்தின் துண்டுகளில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்து, அந்த வரிசைக்கு டி.என்.ஏ. எழுத்துகள் எப்படியெல்லாம் இருக்கலாம் என்று கணித்து, அத்தனை வடிவிலும் சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் செய்து, 300 கோடி எழுத்துள்ள மனித மரபுத் தொகுப்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பது அவர் வழி. 1983-ல் மரபணு சிக்கியது. மரபணு கிடைத்தால் பாக்டீரியாவில் வைத்து இன்சுலின்போலத் தயாரித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. எரித்ரோபாய்ட்டினின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சர்க்கரைச் சங்கிலிகள். அவை இல்லாவிட்டால் கல்லீரல் உடனே அதைப் பிடித்து அகற்றிவிடும். பாக்டீரியாவுக்கு அந்தச் சங்கிலிகளைக் கோக்கத் தெரியாது. எனவே சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் வைத்துத் தயாரித்தார்கள். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் தயாராகிறது.

அதற்கு முன் டயாலிசிஸ் நோயாளிகளின் நிலை என்ன என்பதை இப்போதுள்ள இளம் மருத்துவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹீமோகுளோபின் 6, 7 என்று இருக்கும். படியேற முடியாது. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்ற ஏற்ற இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியும். ஹெபடைடிஸ் தொற்றும். பிறர் ரத்தத்துக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, நாளை மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் பொருந்தாமல் போகும். சிலருக்கு ஆண் ஹார்மோன் ஊசி, இன்னும் சிலருக்கு அதே கோபால்ட். கோபால்ட் தைராய்டையும் இதயத்தையும் கெடுத்தது. 1986, 1987-ல் பிரிட்டனிலும், அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோசப் எஷ்பாக்கின் தலைமையிலும் நடந்த முதல் சோதனைகளில் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே நின்றது. 1989 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது.

ஆக்சிஜனை அளக்கும் வேலையைச் சிறுநீரகத்திடம் இயற்கை ஏன் கொடுத்தது? இதயத்திடமோ மூளையிடமோ கொடுத்திருக்கலாமே? இதற்கு உடலியங்கியல் அறிஞர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்தமானது. மற்ற உறுப்புகளில் ரத்த ஓட்டம் குறைந்தாலும் ஆக்சிஜன் குறையும், ரத்தத்தில் சிவப்பணு குறைந்தாலும் ஆக்சிஜன் குறையும். எது காரணம் என்று அந்த உறுப்பால் பிரித்தறிய முடியாது. சிறுநீரகம் செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, வடிகட்டிய உப்பைத் திரும்ப உறிஞ்சுவதற்கே போகிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் வடிவது குறையும். உறிஞ்சும் வேலையும் குறையும். ஆக்சிஜன் செலவும் குறையும். வரவும் செலவும் சேர்ந்தே இறங்குவதால் அங்கே ஆக்சிஜன் அளவு பெரிதாக மாறுவதில்லை. அது இறங்கினால் பெரும்பாலும் சிவப்பணுப் பற்றாக்குறைதான் காரணம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண்டுகொள்ளாமல் தொட்டியின் மட்டத்தை மட்டும் பார்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

அந்த வேலையைச் செய்பவை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு இடையே கிடக்கும் ஒருவகை இணைப்புத் திசு உயிரணுக்கள். நீரிழிவாலோ ரத்தக் கொதிப்பாலோ சிறுநீரகம் அடிபடும்போது இதே உயிரணுக்கள்தான் தழும்புத் திசுவை உண்டாக்கும் உயிரணுக்களாக மாறுகின்றன. சிறுநீரகம் இறுகுவதும் ரத்தம் குறைவதும் ஒரே உயிரணுவின் இரண்டு நடத்தைகள். இங்கே ஒரு குழப்பமும் உண்டு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்குக் கடும் சோகை வந்தால் எரித்ரோபாய்ட்டின் நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூட ஏறும். சிறுநீரக நோயாளிக்கு ஹீமோகுளோபின் 8 ஆக இருக்கும்போதும் எரித்ரோபாய்ட்டின் அளவு “நார்மல்” என்றே ரிப்போர்ட்டில் வரலாம். அந்த நிலையில் நார்மலாக இருப்பதே நோய்.

உயிரணு ஆக்சிஜனை எப்படி உணர்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக 2019-ல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் பீட்டர் ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர். கிரெக் செமன்சா, எரித்ரோபாய்ட்டின் மரபணுவுக்கு அருகில் ஆக்சிஜன் குறையும்போது அதை முடுக்கிவிடும் ஒரு டி.என்.ஏ. பகுதியையும், பிறகு அதில் வந்து அமரும் எச்.ஐ.எஃப். என்ற புரதத்தையும் கண்டார். வில்லியம் கேலின் படித்துக்கொண்டிருந்தது வேறொன்று: வி.எச்.எல். என்ற மரபணு கெட்டால் சிறுநீரகத்திலும் பிற இடங்களிலும் கட்டிகள் வரும் பரம்பரை நோய். அந்தக் கட்டிகள் சில சமயம் எரித்ரோபாய்ட்டினையும் சுரந்தன. மூன்று பாதைகளும் சேர்ந்த இடத்தில் விடை இருந்தது. எச்.ஐ.எஃப். புரதத்தை உயிரணு ஓயாமல் தயாரிக்கிறது, ஓயாமல் அழிக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அந்தப் புரதத்தின்மேல் ஆக்சிஜன் அணு ஒன்றை ஒட்டி அடையாளம் வைக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்து வி.எச்.எல். புரதம் அதை அழிக்க அனுப்பும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அடையாளம் இல்லை, அழிவில்லை, எச்.ஐ.எஃப். மரபணுவின்மேல் போய் அமர்ந்து எரித்ரோபாய்ட்டினை எழுதச் சொல்லும். கோபால்ட் செய்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அடையாளம் வைக்கும் நொதியில் ஒரு இரும்பு அணு இருக்க வேண்டும். அந்த இரும்பின் வேலையைக் கோபால்ட் கெடுக்கிறது.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளில் பிறவியிலேயே மாற்றம் உள்ள குடும்பங்கள் உலகில் உண்டு. மருந்து நிறுவனங்கள் பின்னாளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்ததை இவர்கள் ஏற்கெனவே வாழ்ந்து காட்டியிருந்தார்கள்.

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்பிரக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 20 கிராமுக்கும் மேல். ஊக்க மருந்து என்று சந்தேகப்பட்டார்கள். 1993-ல் அவருடைய குடும்பத்தை ஆராய்ந்தபோது, எரித்ரோபாய்ட்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, ஏற்பியின் வால்பகுதி துண்டாகிப்போனது தெரிந்தது. “போதும்” என்று மஜ்ஜைக்குச் சொல்லும் பகுதி அந்த வால். எரித்ரோபாய்ட்டின் கொஞ்சமாக இருந்தாலும் மஜ்ஜை ஓயாமல் உழைத்தது. அவர் 76 வயதுவரை வாழ்ந்தார்.

ரஷ்யாவில் வோல்கா ஆற்றையொட்டிய சுவாஷியாவில் கதை வேறு. அங்குள்ள மக்களில் சிலருக்கு வி.எச்.எல். மரபணு இரண்டு பிரதியிலும் ஒரு சிறு மாற்றம் இருப்பது 2002-ல் கண்டறியப்பட்டது. கட்டி வரும் பரம்பரை நோயில் உள்ளதைப் போன்ற மாற்றம் இல்லை இது. ஆனால் எச்.ஐ.எஃப். சரியாக அழிவதில்லை. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இல்லாததுபோல உடல் நடந்துகொள்கிறது. எரித்ரோபாய்ட்டின் ஏறுகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது. ரத்தக்கட்டு, பக்கவாதம், மூளையில் ரத்தக்கசிவு என்று பலர் இளவயதில் இறந்தார்கள்.

திபெத்துக்கும் ஆண்டீஸ் மலைக்கும் உள்ள வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. இரு இடத்திலும் மக்கள் 4,000 மீட்டருக்கு மேல் வாழ்கிறார்கள். ஆண்டீஸ் மக்களுக்கு வியோவுக்கு ஆனதுபோல ரத்தம் பெருகியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதுவே நோயாக முற்றுவதை பெருவின் கார்லோஸ் மோங்கே 1925-லேயே விவரித்தார். திபெத்தியர்களுக்கு அந்த உயரத்திலும் ஹீமோகுளோபின் அவ்வளவாக ஏறுவதில்லை. காரணம், எச்.ஐ.எஃப். குடும்பத்தைச் சேர்ந்த ஈ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்று 2010-ல் தெரிந்தது. அது அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்திலிருந்து வந்தது என்று 2014-ல் தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பல்லாயிரம் ஆண்டு தேர்வு நடந்தபின் எஞ்சியவர்கள் ரத்தம் அதிகம் உள்ளவர்கள் அல்லர். அதைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டவர்கள்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி டயாலிசிஸ் மையங்களை எச்சரிக்க 1990களில் ஆளில்லை. ஊசி வந்தாயிற்று. நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், ஹீமோகுளோபின் அதிகம் உள்ளவர்கள் நீண்ட நாள் இருக்கிறார்கள், குறைந்தவர்கள் சீக்கிரம் போகிறார்கள். அப்படியானால் எல்லோரையும் நார்மலுக்கு ஏற்றிவிடலாமே? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டை அடுத்த படியில் இருந்தது: உடலில் அழற்சி குறைவாக, இதயம் நன்றாக உள்ள நோயாளிக்கு ஊசி எளிதில் வேலை செய்யும். அவர் நீண்ட நாள் இருப்பது ஹீமோகுளோபினாலா, அவர் உடல் முதலிலிருந்தே நன்றாக இருந்ததாலா?

1998-ல் முதல் அடி விழுந்தது. இதய நோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் ரத்தத்தின் சிவப்பணு விகிதத்தை நார்மலான 42 சதவீதத்துக்கும் மற்றதில் 30 சதவீதத்துக்கும் கொண்டுபோக முயன்றார்கள். நார்மல் பிரிவில் 183 பேர் இறந்தார்கள், மற்றதில் 150 பேர். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் பழக்கம் நிற்கவில்லை. இவர்கள் இதய நோயாளிகள், டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்கள், முன்கூட்டியே தொடங்கினால் நன்மை தெரியும் என்ற நம்பிக்கை தொடர்ந்தது. 2006-ல் டயாலிசிஸுக்கு வராத 1,432 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில், 13.5 கிராம் இலக்கு வைத்த பிரிவில் மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவை சேர்ந்து 125 பேருக்கு நேர்ந்தன, 11.3 கிராம் பிரிவில் 97 பேருக்கு.

2009-ல் வந்தது பெரிய சோதனை. நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ள 4,038 பேர். நம் ஊர்ச் சிறுநீரகப் பிரிவுகளின் வாசலில் காத்திருப்பவர்களில் பலர் இந்த வகைதான். ஒரு பிரிவுக்கு நீண்ட நாள் வேலை செய்யும் எரித்ரோபாய்ட்டின் வகையான டார்பிபாய்ட்டின், 13 கிராம் இலக்கு. மற்றதற்கு மருந்தில்லாத வெறும் ஊசி, 9-க்குக் கீழே போனால் மட்டும் மருந்து. இரண்டரை ஆண்டு அளவில் பார்த்தபோது மரணமும் மாரடைப்பும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. பக்கவாதம் மட்டும் மருந்துப் பிரிவில் 101 பேருக்கு, வெறும் ஊசிப் பிரிவில் 53 பேருக்கு. களைப்பு ஓரளவு குறைந்தது. அதற்கு விலை இது.

ரத்தம் கெட்டிப்பட்டதா, ரத்த அழுத்தம் ஏறியதா, இலக்கை எட்டுவதற்காகக் கொட்டிய மருந்தின் அளவே நஞ்சானதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நடைமுறை மாறிவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-ல் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை ஏற்றியது. சர்வதேச வழிகாட்டுதல் 2012-ல், பொதுவாக 11.5 கிராமுக்கு மேல் இந்த ஊசியால் வைத்திருக்க வேண்டாம், 13-ஐத் தாண்டும்படி வேண்டுமென்றே செய்யவே கூடாது என்று சொன்னது. அமெரிக்காவில் 2011 வரை டயாலிசிஸ் மையங்களுக்கு எவ்வளவு மருந்து செலுத்தினார்களோ அவ்வளவுக்கு அரசுக் காப்பீடு தனியாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மொத்தமாக ஒரே கட்டணம் என்று மாற்றியதும் மருந்தின் அளவு இறங்கியது. அறிவியல் சொல்லி இறங்காதது கணக்குப்பிள்ளை சொல்லி இறங்கியது என்று யாராவது கேலி செய்தால் என்னால் மறுக்க முடியாது.

ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டதும் மருத்துவர் ஊசியின் அளவைக் குறைத்தால், இப்போதுதானே ரத்தம் ஏறுகிறது, ஏன் குறைக்கிறார் என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். காரணம் அந்த 101 பேர்.

ஊசி போட்டும் ஏறாதவர்கள் உண்டு. மிக அரிதாக, உடல் எரித்ரோபாய்ட்டினையே எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அது ஊசி மருந்தை மட்டுமன்றி உடலில் எஞ்சியிருக்கும் சொந்த எரித்ரோபாய்ட்டினையும் அழிப்பதால் மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி அடியோடு நிற்கும். 1998-க்குப் பின் ஐரோப்பாவில் தோலடியில் போட்ட ஒரு வகை மருந்தில் இது கூடியது. 2002-ல் பிரான்ஸிலிருந்து 13 பேரின் விவரம் வெளியாகி உலகமே விழித்துக்கொண்டது. தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்தபோது, தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கே இது அதிகம் என்று தெரிந்தது. மருந்தைக் குளிர்பதனத்தில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வதும், குலுக்காதீர்கள் என்று சொல்வதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. புரதம் உருக்குலைந்தால் உடல் அதை அந்நியமாகப் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

பெரும்பாலோருக்கு ஏறாததற்குக் காரணம் எளியது: இரும்பு. எரித்ரோபாய்ட்டின் வேலை வாங்கும். கச்சாப் பொருள் இல்லாமல் மஜ்ஜை என்ன செய்யும்? நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சிறுநீரக நோய் வரும் முன்பே இரும்புக் கையிருப்பு தீர்ந்தவர்கள் பலர். பி12 குறைந்தவர்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபணு ஒரு பிரதி உள்ளவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எரித்ரோபாய்ட்டின் எழுதும் முன், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்கச் சொல்கிறார்கள்.

வீட்டு வைத்தியம் சிக்கலாவது இங்கேதான். ரத்தம் ஊற முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று கொடுப்பது நம் வழக்கம். சாதாரண ரத்தசோகையில் அதில் தவறில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். அதோடு இவர்கள் குடலில் இரும்பு சரியாக ஏறுவதும் இல்லை. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்குள் வரும் வாசலை அடைக்கிறது. கிருமி இரும்பைத் தின்றுவிடாமல் தடுக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. சிறுநீரக நோயில் ஓயாத அழற்சியால் ஹெப்சிடின் ஏறிக் கிடக்கிறது, சிறுநீரில் வெளியேறுவதும் குறைகிறது. ஃபெரிட்டின் நிறைய இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும், மஜ்ஜைக்கோ ஒரு துளி போய்ச்சேராது. எனவே இரும்பை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான சோதனையில், இரும்பை மாதந்தோறும் தாராளமாக ஏற்றிய பிரிவுக்கு எரித்ரோபாய்ட்டின் தேவை குறைந்தது, மாரடைப்பும் மரணமும் உள்ளிட்ட பெரிய பாதிப்புகளும் குறைந்தன. இருபதாண்டுச் சண்டையில் எல்லோரும் ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, மலிவான இரும்பு ஓரமாகக் கிடந்தது.

இப்போது மாத்திரை வந்திருக்கிறது. எச்.ஐ.எஃப். மேல் அடையாளம் வைக்கும் நொதியைத் தடுத்து, உடலுக்கு மலை உச்சியில் இருப்பதாக ஒரு பிரமையை உண்டாக்கும் மருந்துகள் இவை. கோபால்ட் கண்மூடித்தனமாகச் செய்ததை இலக்கு பார்த்துச் செய்பவை என்று சொல்லலாம். இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டவர்களுக்குக்கூட இந்த வகை மருந்து கொடுத்தபோது எரித்ரோபாய்ட்டின் ஏறியது. கருவில் இருந்தபோது எரித்ரோபாய்ட்டின் சுரந்த கல்லீரல் மறுபடி அந்த வேலைக்கு வந்தது. குளிர்பதனம் வேண்டாம், ஊசி வேண்டாம், ஹெப்சிடினும் ஓரளவு இறங்குகிறது. டயாலிசிஸ் மையம் பக்கத்தில் இல்லாத கிராமத்து நோயாளிக்கு இது சிறிய விஷயமல்ல. இந்த வகையில் ராக்சாடுஸ்டாட் என்ற மாத்திரை 2018 டிசம்பரில் சீனாவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. ஜப்பான் 2019-ல் தந்தது.

ஆனால் எச்.ஐ.எஃப். முடுக்குவது எரித்ரோபாய்ட்டினை மட்டுமல்ல. புதிய ரத்தக் குழாய் வளர்ப்பது, சர்க்கரையை எரிக்கும் முறையை மாற்றுவது என்று நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அதன் கட்டுப்பாட்டில் உள்ளன. சுவாஷிய மக்களை நினைத்தால் ரத்தக்கட்டு பற்றிய பயம் வருகிறது. அதே மக்களுக்குப் புற்றுக்கட்டிகள் கூடவில்லை என்பதில் கொஞ்சம் ஆறுதலும் கிடைக்கிறது. அவர்கள் உடல் பிறந்தது முதல் அதற்குப் பழகியது. அறுபது வயதில், நீரிழிவால் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் பழுதான ஒருவரின் உடலில் இந்தச் சங்கிலியை முடுக்குவது வேறு.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-ல் ராக்சாடுஸ்டாட்டை ரத்தக்கட்டு அபாயத்தைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியது. 2023 பிப்ரவரியில் டாப்ரொடுஸ்டாட்டுக்கும் 2024 மார்ச்சில் வாடாடுஸ்டாட்டுக்கும் அனுமதி தந்தபோதும், சில மாதங்களாவது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. இந்தியாவில் சைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட்டுக்கு 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இங்கே டயாலிசிஸுக்கு வராத நோயாளிக்கும் அதை எழுதலாம். சிகாகோவில் ஒருவருக்குக் கிடைக்காத வகை மாத்திரை சென்னையில் ஒருவருக்கு மருந்துச் சீட்டில் வருகிறது. டயாலிசிஸுக்கு வராதவர்களிடம் அதன் முக்கியச் சோதனை டார்பிபாய்ட்டினோடு ஒப்பிட்டு 24 வாரங்கள் நடந்தது. டார்பிபாய்ட்டினால் பக்கவாதம் இரட்டிப்பாவதைக் கண்டுபிடிக்க 4,038 பேரும், மருந்தில்லாத ஊசியோடு ஒப்பீடும், இரண்டரை ஆண்டும் தேவைப்பட்டன.